உரைக்கோப்பிலிருந்து தரவுத்தளத்துக்கு: லட்சக்கணக்கான வரிகளைச் சரியாக ஏற்றும் முறை

மார்ச் மாதம் 12ஆம் தேதி மாலை ஒரு கோப்பு வந்தது. அந்த மாதம் அன்றுவரை எழுதிய ரசீதுகள், வரிக்கு ஒன்று: தேதி, ரசீது எண், தொகை. தரவுத்தளத்தில் ஏற்றினேன். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. வரிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது, தொகைகளின் கூட்டலும் சரியாக இருந்தது. மறுநாள் காலை அறிக்கையைத் திறந்த கணக்காளர் என்னை அழைத்து, "சார், டிசம்பர் மாத ரசீது எப்படி வந்தது?" என்று கேட்டார். பார்த்தால் ஜனவரி 3, பிப்ரவரி 3, மார்ச் 3 என்று பன்னிரண்டு மாதங்களிலும் மூன்றாம் தேதியில் மட்டும் வசூல் நடந்திருந்தது.

அமெரிக்க ஆங்கில அமைப்போடு நிறுவப்பட்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 05/03 என்பதை மாதம், நாள் என்ற வரிசையில் படிக்கும். நமக்கு மார்ச் 5. அதற்கு மே 3. கோப்பில் 13ஆம் தேதிக்கு ஒரே ஒரு வரி இருந்திருந்தாலும், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லை என்பதால் ஏற்றம் நின்றுபோயிருக்கும். முதல் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே இருந்ததால் எல்லாம் அமைதியாக உள்ளே போய்விட்டன.

பிழை காட்டி நிற்கும் ஏற்றத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எந்த வரியில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். சத்தமில்லாமல் தவறாக ஏறுவதுதான் ஆபத்து. அதனால் இந்த வழிகாட்டியில் வேகத்தைவிடச் சரிபார்ப்புக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸை வைத்து விளக்குகிறேன். மற்ற தரவுத்தளங்களில் எங்கே வேறுபடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் கோப்பு

பயிற்சிக்கு ஜியோநேம்ஸ் தரவைப் பரிந்துரைக்கிறேன். உலகம் முழுவதும் உள்ள ஊர், ஆறு, மலை, ரயில் நிலையப் பெயர்களைத் திரட்டி இலவசமாகத் தருகிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம். நாட்டுக்கு ஒரு ஜிப் கோப்பு இருக்கிறது. இந்தியாவுக்கானதை இறக்கிப் பிரித்தால் பல லட்சம் வரிகள் கொண்ட உரைக்கோப்பு ஒன்று கிடைக்கும். யுடிஎஃப்-8 குறியாக்கம் (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை), புலங்களுக்கு நடுவே டேப், தலைப்பு வரி இல்லை, மேற்கோள்குறிக்குள் அடைக்கும் வழக்கம் இல்லை. ஒரு வரிக்கு 19 புலங்கள்: அடையாள எண், பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், மாற்றுப் பெயர்கள், அட்சரேகை, தீர்க்கரேகை எனத் தொடங்கி மக்கள்தொகை, உயரம், நேர மண்டலம், கடைசியாகத் திருத்திய தேதிவரை. எந்தப் புலம் எது என்ற விளக்கக் கோப்பும் அதே இடத்தில் இருக்கிறது.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உயரம் என்ற புலம் பல வரிகளில் காலியாக இருக்கும். மாற்றுப் பெயர்கள் புலத்தில் தமிழும் இந்தியும் அரபியும் காற்புள்ளிகளோடு கலந்து கிடக்கும். நிஜக் கோப்புகளில் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரே கோப்பில் இருக்கின்றன.

வரிக்கு ஒரு 'இன்செர்ட்' (ஒரு வரிசையைச் சேர்க்கும் கட்டளை) என்று ஒரு சிறு நிரல் எழுதி ஏற்றலாமே என்று தோன்றும். ஆயிரம் வரிகளுக்குப் பரவாயில்லை. லட்சத்தைத் தாண்டினால் தாங்காது. ஒவ்வொரு 'இன்செர்ட்'டுக்கும் கட்டளை வலையமைப்பில் போய் வர வேண்டும், சர்வர் அதைப் பகுத்துத் திட்டமிட வேண்டும், தனித்தனிப் பரிவர்த்தனையாக (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகத் திரும்பும் வேலைத் தொகுதி) இருந்தால் ஒவ்வொரு முறையும் வட்டில் எழுதி உறுதி செய்யும்வரை காத்திருக்க வேண்டும். 'காப்பி' என்ற கட்டளையில் ஒரே கட்டளை, ஒரே பரிவர்த்தனை. வரிகள் ஓடையாக உள்ளே வரும், சர்வர் அவற்றைக் கட்டுக்கட்டாகப் பக்கங்களில் எழுதும்.

முதல் படி: எக்செலில் திறக்காதீர்கள்

கோப்பு கைக்கு வந்ததும் இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். பார்ப்பதோடு நிறுத்தினால் தீங்கு இல்லை. சேமித்துவிட்டால் கோப்பு கெட்டது. முன்னால் உள்ள சுழியங்கள் போய்விடும், நீண்ட எண்கள் அடுக்குக்குறி வடிவத்துக்கு மாறும், தேதிகளில் சில திரும்பும், சில வெறும் எழுத்தாக நிற்கும். ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டுமே. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய உரைக்கோப்புகளை அந்தப் பழைய வடிவத்தில் திரட்டியபோது இடம் போதாமல் வரிகள் விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அதனால் தாமதமாகியது.

ஆகவே கட்டளை முனையத்தில் பாருங்கள். லினக்ஸில் 'ஹெட்' முதல் சில வரிகளைக் காட்டும், 'டெய்ல்' கடைசி வரிகளை. கடைசி வரி நடுவில் அறுந்திருந்தால் பதிவிறக்கம் முழுமையடையவில்லை என்று பொருள். 'டபிள்யூசி' வரிகளை எண்ணும். அது எண்ணுவது வரிமுடிவுக் குறிகளைத்தான். கடைசி வரியில் அந்தக் குறி இல்லாவிட்டால் எண்ணிக்கை ஒன்று குறையும். இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து நான் ஒருபோதும் தவிர்க்காத சோதனை: ஒவ்வொரு வரியிலும் எத்தனை புலங்கள் என்று எண்ணுவது. 'ஆக்' என்ற கருவியிடம் டேப்பைப் பிரிப்பான் என்று சொல்லி, ஒவ்வொரு வரியின் புல எண்ணிக்கையையும் அச்சிடச் செய்து, அதை வரிசைப்படுத்தி, ஒரே எண்கள் எத்தனை முறை வந்தன என்று தொகுத்தால் போதும். ஜியோநேம்ஸ் கோப்பில் 19 என்ற ஒரே எண் வர வேண்டும். கூடவே 18 அல்லது 20 என்று இன்னொரு வரி வந்தால், ஏதோ ஒரு பெயருக்குள் டேப்போ வரிமுடிவோ புகுந்திருக்கிறது. அந்த வரிகளை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

விண்டோஸில் உருவான கோப்பில் வரிமுடிவு இரண்டு குறிகளால் ஆனது; லினக்ஸில் ஒன்று. போஸ்ட்கிரெஸ் முதல் வரியைப் பார்த்து எந்த வகை என்று தானே முடிவுசெய்யும். இரண்டு வகையும் கலந்திருந்தால்தான் தகராறு செய்யும். இரண்டு இடங்களிலிருந்து வந்த கோப்புகளை ஒன்றாக ஒட்டும்போது இந்தக் கலப்பு நேர்வதுண்டு.

குறியாக்கம்: தமிழ்க் கோப்புகளில் தனிக் கவனம்

கோப்பு யுடிஎஃப்-8 என்று அனுப்பியவர் சொன்னாலும் சோதியுங்கள். 'ஐகான்வ்' கருவியில் மூலமும் இலக்கும் யுடிஎஃப்-8 என்று கொடுத்து ஓட்டினால், செல்லாத பைட் உள்ள இடத்தில் அது நின்றுவிடும். போஸ்ட்கிரெஸும் செல்லாத பைட்டை ஏற்காது. பைட்டின் மதிப்பைச் சொல்லிப் பிழை காட்டும். அது காட்டும் மதிப்பு சுழியமாக இருந்தால், பெரும்பாலும் கோப்பு யுடிஎஃப்-16 வடிவில் இருக்கிறது. விண்டோஸ் நிரல்களில் 'யூனிகோட் உரை' என்று சேமித்தால் கிடைப்பது இதுதான். 'ஐகான்வ்' கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருக்கலாம். எக்செலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்தால் இந்த அடையாளக்குறி முன்னால் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு வரி இருந்து அதைத் தள்ளிவிடச் சொன்னால் குறியும் சேர்ந்து போய்விடும். தலைப்பு வரி இல்லாத கோப்பில் முதல் புலம் எண்ணாக இருந்தால், திரையில் 1 என்று தெளிவாகத் தெரியும் மதிப்பை எண்ணே அல்ல என்று தரவுத்தளம் மறுக்கும். முதல் வரியிலேயே, முதல் புலத்திலேயே காரணமற்ற பிழை வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தமிழுக்கே உரிய மூன்று சிக்கல்கள் உண்டு. ஒன்று, பழைய எழுத்துரு வழிக் குறியாக்கங்கள். பாமினி, டேம், டேப் (பிரிப்பானான டேப் வேறு), டிஸ்கி என்று யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்புகள் அலுவலகங்களில் இன்னும் இருக்கின்றன. பாமினியில் தட்டச்சு செய்தது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட கோப்பு எந்தப் பிழையும் இல்லாமல் ஏறும், தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது. ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒரு கோப்பிலேயே சில புலங்கள் தமிழ், சில புலங்கள் ஆங்கிலம் என்றிருந்தால் தமிழ்ப் புலங்களை மட்டும் பிரித்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும்.

இரண்டு, ஒரே தோற்றம், வேறு குறியீடுகள். 'கோ' என்ற எழுத்தைக் ககரம், ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தரவுத்தளத்துக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒரு கோப்பில் கோயம்புத்தூர் முதல் வகையிலும் இன்னொன்றில் இரண்டாம் வகையிலும் இருந்தால், இரண்டு அட்டவணைகளையும் ஊர்ப்பெயர் கொண்டு இணைக்கும்போது அந்த ஊர் மட்டும் காணாமல் போகும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து இதற்காகவே 'நார்மலைஸ்' என்ற செயல்கூறு இருக்கிறது. தமிழ்ப் புலங்கள் எல்லாவற்றையும் அதன் வழியாகவே அனுப்புங்கள். ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்திருந்தால் இந்தச் செயல்கூறு உதவாது, அது எழுத்துப்பிழைக் கணக்கில் சேரும். தனியே தேடித் திருத்த வேண்டும்.

மூன்று, நீளம். 'கோயம்புத்தூர்' நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 39 பைட். ஊர்ப்பெயருக்கு 12 எழுத்து போதும் என்று அளவு வைத்த அட்டவணையில் கோயம்புத்தூர் நுழையாது. போஸ்ட்கிரெஸில் அளவில்லாத 'டெக்ஸ்ட்' வகையைப் பயன்படுத்தினால் வேகத்தில் இழப்பு ஏதும் இல்லை; காரணமில்லாமல் அளவு வைக்காதீர்கள்.

களத்தில் கொட்டுங்கள், குதிருக்குப் பிறகு போகலாம்

அறுத்த நெல்லை யாரும் நேராகக் குதிரில் கொட்டுவதில்லை. களத்தில் அடித்து, தூற்றி, பதர் நீக்கி, காயவைத்து, அளந்த பிறகே உள்ளே போகும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கோப்பை நேராக உண்மையான அட்டவணையில் ஏற்றாதீர்கள். களமாக ஒரு தனி அட்டவணை செய்யுங்கள்.

அந்தக் கள அட்டவணையில் 19 புலங்களும் 'டெக்ஸ்ட்' வகையாகவே இருக்கட்டும். எண், தேதி, கட்டாயப் புலம், முதன்மைச் சாவி (திரும்ப வரக்கூடாத அடையாளம்) என்று எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம். கூடுதலாக ஒரே ஒரு புலம் மட்டும் சேருங்கள்: தானாக ஏறும் வரிசை எண். 'காப்பி' கட்டளையில் அட்டவணைப் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் கோப்பில் இருக்கும் 19 புலங்களின் பெயர்களை மட்டும் கொடுத்தால், வரிசை எண் கோப்பின் வரி ஒழுங்கிலேயே நிரம்பும். பின்னால் ஒரு மதிப்பு சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், கோப்பின் எத்தனையாவது வரி என்று உடனே போய்ப் பார்க்கலாம்.

எல்லாம் எழுத்து வடிவம் என்பதால் தேதி திரும்பாது, சுழியம் உதிராது, எண் உருமாறாது. கோப்பில் இருந்தது அப்படியே அட்டவணையில் இருக்கும். என் ரசீதுகளை இப்படி ஏற்றியிருந்தால், தேதிப் புலத்தின் முதல் இரண்டு இலக்கங்களும் நடு இரண்டு இலக்கங்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஒரு வினவலில் பார்த்திருப்பேன். முதலில் 01 முதல் 12 வரை, நடுவில் 03 மட்டும். எது நாள், எது மாதம் என்பதில் ஐயமே இருந்திருக்காது.

இந்த அட்டவணையை 'அன்லாக்டு' வகையாக உருவாக்குங்கள். விபத்து மீட்புக்காகப் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் மாற்றப் பதிவேட்டில் எழுதாது என்பதால் வேகம் கூடும். சர்வர் திடீரென்று விழுந்தால் அட்டவணை காலியாகிவிடும். மூலக் கோப்பு கையில் இருப்பதால் இழப்பு இல்லை.

காப்பி கட்டளை

இரண்டு வகை இருக்கிறது, புதிதாக வருபவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். வெறும் 'காப்பி'யில் கோப்பின் பாதையைக் கொடுத்தால் சர்வர் தன் வட்டில் அந்தக் கோப்பைத் தேடும். கோப்பு உங்கள் மடிக்கணினியில் இருந்தால் கிடைக்காது. சர்வரிலேயே இருந்தாலும் அதைப் படிக்கும் அனுமதி தரவுத்தளம் இயங்கும் பயனர் கணக்குக்கு வேண்டும். உங்கள் தரவுத்தளக் கணக்குக்கும் தலைமை உரிமையோ கோப்பு படிக்கும் தனி உரிமையோ வேண்டும். பின்சாய்வுக்கோட்டோடு தொடங்கும் 'காப்பி' வேறு. அது 'பிஎஸ்க்யூஎல்' கிளையண்டின் கட்டளை. உங்கள் கணினியில் கோப்பைப் படித்துச் சர்வருக்கு அனுப்பும். மேகச் சேவையில் இருக்கும் தரவுத்தளத்துக்கு இதுதான் வழி. முழுவதையும் ஒரே வரியில் எழுத வேண்டும் என்பது அதன் ஒரே நிபந்தனை.

வடிவத்தைத் தேர்வதில் சற்று நிதானம் தேவை. 'டெக்ஸ்ட்' வடிவத்தில் பிரிப்பான் டேப். பின்சாய்வுக்கோட்டுக்குத் தனிப்பொருள் உண்டு. 'சிஎஸ்வி' வடிவத்தில் பிரிப்பான் காற்புள்ளி. இரட்டை மேற்கோளுக்குத் தனிப்பொருள் உண்டு. ஜியோநேம்ஸ் போன்ற கோப்பில் இரண்டுமே வெறும் எழுத்துகள்தான். 'சிஎஸ்வி' என்று சொல்லிப் பிரிப்பானை மட்டும் டேப்பாக மாற்றினால், ஒரு பெயரின் தொடக்கத்தில் துணையில்லாத மேற்கோள்குறி ஒன்று இருந்தால் போதும், அடுத்த மேற்கோள்குறி வரும்வரை உள்ள வரிகள் எல்லாம் ஒரே புலத்துக்குள் விழுங்கப்படும். 'டெக்ஸ்ட்' என்று சொன்னால், பெயருக்குள் இருக்கும் பின்சாய்வுக்கோடு சொல்லாமல் மறையும்; புலத்தின் கடைசியில் இருந்தால் அடுத்துள்ள டேப்பையும் விழுங்கும்.

நான் செய்வது: கோப்பில் பின்சாய்வுக்கோடு எத்தனை இருக்கிறது என்று எண்ணுவேன். ஒன்றுமில்லை என்றால் 'டெக்ஸ்ட்' வடிவம். இருந்தால் 'சிஎஸ்வி' வடிவம், பிரிப்பான் டேப், மேற்கோள்குறியாகக் கோப்பில் வரவே வராத ஒரு கட்டுப்பாட்டுக் குறி. இந்த இரண்டாவது ஏற்பாட்டில் எந்த எழுத்துக்கும் தனிப்பொருள் இராது.

அடுத்தது வெறுமை. 'டெக்ஸ்ட்' வடிவத்தில் காலிப் புலம் என்பது நீளமற்ற எழுத்துச்சரம், 'நல்' (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) ஆகாது. உயரப் புலத்தை எண் வகையாக வைத்து நேராக ஏற்றினால் முதல் காலியிலேயே நிற்கும். 'நல்' என்ற விருப்பத்தில் வெற்று மேற்கோள்களைக் கொடுத்தால் சரியாகிவிடும். 'சிஎஸ்வி'யில் மேற்கோளில்லாத காலிப் புலம் தானாகவே 'நல்' ஆகும். வெறுமையைக் குறிக்க 'என்ஏ' என்று எழுதும் கோப்புகளும் உண்டு. அந்த இரண்டெழுத்தை 'நல்' என்று படிக்கச் சொல்லும்முன் நாட்டுக் குறியீட்டுப் புலம் இருக்கிறதா என்று பாருங்கள்: நமீபியாவின் குறியீடு அதேதான். பைத்தானின் பாண்டாஸ் நூலகம் கேட்காமலேயே அதை வெறுமையாகப் படித்துவிடும்.

குறியாக்கத்தையும் கட்டளையிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். கிளையண்டின் இயல்புநிலையை நம்பினால், ஒரு கணினியில் சரியாக ஓடும் கட்டளை மற்றொன்றில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கட்டளை முடிந்ததும் 'காப்பி' என்ற சொல்லும் ஓர் எண்ணும் திரையில் வரும். முதலில் தாளில் எழுதிய வரி எண்ணிக்கையோடு அது பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் மேலே போகாதீர்கள். பெரிய கோப்பாக இருந்து நெடுநேரம் திரை அசையாமல் இருந்தால், 14ஆம் பதிப்பு முதல் காப்பியின் முன்னேற்றத்தைக் காட்டும் தனிப் பார்வை ஒன்று இருக்கிறது. இன்னொரு இணைப்பிலிருந்து அதைப் பார்க்கலாம்.

நடுவில் நின்றுவிட்டால்

பிழைச்செய்தியின் கடைசியில் அட்டவணை, வரி எண், புலம், மதிப்பு நான்கும் இருக்கும். 'செட்' கருவியால் அந்த வரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு வரி தவறினாலும் முழு ஏற்றமும் திரும்பப் பெறப்படும். பாதி ஏறியது என்ற நிலை இல்லை. அட்டவணை காலியாகத் தெரிந்தாலும் எழுதிய இடம் வட்டில் அடைபட்டிருக்கும், அதனால் மறுபடி ஏற்றும்முன் 'ட்ரங்கேட்' செய்து, வரிசை எண்ணையும் 1க்குத் திருப்பிவிடுங்கள்.

17ஆம் பதிப்பில் பிழையுள்ள வரிகளைத் தாண்டிச் செல்லும் விருப்பம் வந்திருக்கிறது. வகைமாற்றத்தில் தவறும் வரிகளை மட்டும் அது தாண்டும். புலம் குறைந்த வரிக்கும் கட்டுப்பாடு மீறிய வரிக்கும் உதவாது. எல்லாவற்றையும் எழுத்தாக ஏற்றும் கள அட்டவணையில் அதற்கு வேலையே இல்லை. நேரடி ஏற்றத்தில் அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. தாண்டிய வரி யாரோ ஒருவருடைய ரசீது. அதை ஏன் விட்டோம் என்று தெரியாமல் விடக்கூடாது.

தூற்றுதல்

இப்போது எல்லாம் அட்டவணைக்குள் இருக்கிறது, வினவல்களால் சலிக்கலாம். அடையாள எண் திரும்ப வருகிறதா? கட்டாயம் இருக்க வேண்டிய புலம் காலியாக இருக்கிறதா? நாட்டுக் குறியீட்டின் வெவ்வேறு மதிப்புகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை? முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிய மதிப்புகள் உண்டா? இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயர்களில் சாதாரண இடைவெளியைப் போலவே தோன்றும் உடையா இடைவெளி இருக்கும். 'ட்ரிம்' அதை வெட்டாது. 'க்‌ஷ' போன்ற இடங்களில் அகலமில்லாத பிரிப்புக் குறிகளும் ஒளிந்திருக்கும். ஒரு பெயரின் நீளம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் என்று தரவுத்தளம் சொன்னால் இவற்றைத் தேடுங்கள்.

எண்களாக மாற வேண்டிய புலங்களில் மாறாதவை எவை என்று கண்டுபிடிக்க, 16ஆம் பதிப்பு முதல் 'பிஜி இன்புட் இஸ் வேலிட்' என்ற செயல்கூறு இருக்கிறது. பெயரின் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். ஒரு மதிப்பையும் வகையின் பெயரையும் கொடுத்தால், மாறுமா மாறாதா என்று மட்டும் சொல்லும், பிழை காட்டி நிற்காது. மாறாத வரிகளை ஒரே பட்டியலாக எடுத்துவிடலாம். முன்பெல்லாம் ஒரு பிழையைத் திருத்தி, மறுபடி ஓட்டி, அடுத்த பிழையைச் சந்திப்பதிலேயே பகல் போய்விடும். நம் ஊர்க் கணக்குக் கோப்புகளில் இந்தப் பட்டியலில் அதிகம் சிக்குவது 1,25,000 போன்ற தொகைகள். காற்புள்ளிகளை நீக்கினால் போதும். ஆனால் நீக்கும்முன், பிரிப்பானும் காற்புள்ளியாக இருந்து தொகை இரண்டு மூன்று புலங்களாகச் சிதறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தெரிந்த ஒரு வரியைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம். ஜியோநேம்ஸில் 1264527 என்பது சென்னையின் எண். அந்த வரியை எடுங்கள். அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27 என்று தொடங்குகிறதா? இரண்டும் இடம் மாறியிருந்தால் சென்னை பனிக்கடலுக்குப் போயிருக்கும். மாற்றுப் பெயர்களில் 'சென்னை' என்று தமிழில் படிக்க முடிகிறதா, அல்லது கேள்விக்குறிகளாக இருக்கிறதா? ஒரு வரிதான், ஆனால் குறியாக்கம், புல வரிசை, பிரிப்பான் மூன்றுக்கும் அதுவே சாட்சி.

குதிரில் சேர்த்தல்

உண்மையான அட்டவணைக்குச் சரியான வகைகளையும் கட்டுப்பாடுகளையும் கொடுங்கள். கள அட்டவணையிலிருந்து தேர்ந்து, வகை மாற்றி, அதில் சேர்க்கும் 'இன்செர்ட்' கட்டளை ஒன்று போதும். தேதிகளுக்கு 'டு டேட்' செயல்கூறில் நாள், மாதம், ஆண்டு என்று வடிவத்தை எழுதிக் கொடுங்கள். சர்வரின் அமைப்பு எதுவாக இருந்தாலும் பிறகு திரும்பாது. காலி மதிப்பை 'நல்லிஃப்' கொண்டு வெறுமையாக்குங்கள். தமிழ்ப் புலங்களுக்கு 'நார்மலைஸ்'.

ஏற்கெனவே தரவு இருக்கும் அட்டவணை என்றால், மோதலின்போது புதுப்பிக்கும் பிரிவைச் சேர்க்கலாம். ஒரே அடையாள எண் கள அட்டவணையில் இரண்டு முறை இருந்தால், ஒரே கட்டளைக்குள் ஒரு வரிசையை இருமுறை மாற்ற முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கும். எது பிந்தியது என்று முடிவுசெய்து ஒன்றை மட்டும் தேர்வது உங்கள் பொறுப்பு. அங்கே நாம் சேர்த்த வரிசை எண் கை கொடுக்கும்.

இவை அனைத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் செய்யுங்கள். உறுதி செய்வதற்கு முன் எண்ணுங்கள்: கள அட்டவணையில் இத்தனை, சேர்ந்தவை இத்தனை, காரணத்தோடு ஒதுக்கியவை இத்தனை. பின்னிரண்டின் கூட்டு முதலாவதற்குச் சமமாக இல்லாவிட்டால் திரும்பப் பெறுங்கள்.

வேகம் பற்றிச் சில

பெரிய ஏற்றத்தில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள். காலி அட்டவணையில் முதலில் தரவு, பிறகு இண்டெக்ஸ். ஏற்றியபின் ஒரே மூச்சில் கட்டுவது, வரிக்கு வரி திருத்துவதைவிட மலிவு. கட்டும் நேரத்துக்கு மட்டும் பராமரிப்பு நினைவகத்தை உயர்த்துங்கள்; இயல்புநிலை 64 எம்பி, இன்றைய கணினிகளுக்கு மிகக் குறைவு. வேறொரு அட்டவணையின் வரிசையைச் சுட்டும் அயல்சாவிகளையும் பின்னால் சேர்ப்பதே நல்லது. ஏற்றும்போதே இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை நினைவகத்தில் வரிசையில் நிற்கும். மாற்றப் பதிவேட்டின் உச்ச அளவு இயல்பாக 1 ஜிபி; அதை உயர்த்தினால் இடையிடையே வட்டில் எழுதும் நெரிசல் குறையும். இயங்கிக்கொண்டிருக்கும் அட்டவணையில் லட்சம் வரிகளைச் சேர்க்கும்போது இந்த ஆலோசனை பொருந்தாது. ஏற்கெனவே பல கோடி வரிசைகள் இருந்தால் இண்டெக்ஸை அழித்துக் கட்டுவதே அதிக வேலை.

வட்டில் எழுதி உறுதி செய்யும் 'எஃப்சிங்க்' அமைப்பை அணைத்தால் வேகம் கூடும் என்று சிலர் எழுதுவார்கள். செய்யாதீர்கள். அது அந்த ஒரு அட்டவணையை மட்டும் பாதிப்பதில்லை. மின்சாரம் போனால் முழுத் தரவுத்தளமும் சிதையலாம்.

ஏற்றி முடித்ததும் இரண்டு வேலைகள் மறக்கக் கூடாதவை. 'அனலைஸ்' ஓட்டினால்தான் வினவல் திட்டமிடும் பகுதிக்குப் புதிய அளவு தெரியும்; தவறினால் நொடியில் முடிய வேண்டிய வினவல் நிமிடங்கள் எடுக்கும். மற்றது, தானியங்கி எண். அடையாள எண்கள் கோப்பிலிருந்தே வந்திருந்தால், தானாக எண் கொடுக்கும் 'சீக்வென்ஸ்' இன்னும் 1இல்தான் நிற்கும். அடுத்து யாராவது ஒரு புதிய வரிசையைச் சேர்த்தால் சாவி மோதும். உச்ச எண்ணுக்கு அதை நகர்த்தி வையுங்கள்.

மற்ற தரவுத்தளங்களில்

மைஎஸ்க்யூஎல்லில் 'லோட் டேட்டா இன்ஃபைல்'. கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் 'லோக்கல்' என்ற சொல் சேர வேண்டும். 8.0 பதிப்பில் இது இயல்பாக மூடப்பட்டிருக்கும், சர்வரிலும் கிளையண்டிலும் திறக்க வேண்டும். 'லோக்கல்' சேர்ந்தால் பல பிழைகள் வெறும் எச்சரிக்கைகளாக மாறி ஏற்றம் தொடரும். எண் புலத்தில் காலி வந்தால் 0 ஆகிவிடும். மக்கள்தொகை தெரியாத ஊரும் மக்களே இல்லாத ஊரும் ஒன்றாகிவிடும். கட்டளை முடிந்தவுடன் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். குறியாக்கத்தையும் கட்டளையிலேயே எழுதுங்கள்; அதன் பழைய 'யுடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட் மட்டுமே கொள்ளும். தமிழ் எழுத்து அதில் அடங்கும், உணர்ச்சிக்குறி அடங்காது. நான்கு பைட் வகையையே தேர்ந்தெடுங்கள்.

ஆரக்கிளின் 'லோடர்' கருவியில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு: மறுக்கப்பட்ட வரிகள் ஒரு தனிக் கோப்பில் வந்து விழும், நிபந்தனைக்கு உட்படாதவை இன்னொன்றில். அங்கே எழுத்துப் புலத்தின் நீளம் இயல்பாக பைட்டில் அளக்கப்படும் என்பதால், 30 என்று வைத்த புலத்தில் தமிழுக்குப் பத்துக் குறியீடுகள் மட்டுமே கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரில் 'பல்க் இன்செர்ட்'. யுடிஎஃப்-8 கோப்புக்கு 65001 என்ற குறியீட்டுப் பக்க எண்ணைக் கொடுக்க வேண்டும், 2016ஆம் பதிப்பிலிருந்து அது செல்லும். எஸ்க்யூலைட்டின் 'இம்போர்ட்' இல்லாத அட்டவணையைத் தானே உருவாக்கி, பல பதிப்புகளில் எல்லாப் புலங்களையும் எழுத்தாக வைக்கும். நாம் கையால் செய்த கள அட்டவணை அங்கே இயல்பாகவே கிடைத்துவிடுகிறது.

மறுபடி ஏற்றும் நாளுக்காக

கோப்பு ஒருமுறை வந்து நிற்பதில்லை. ஜியோநேம்ஸே திருத்தங்களையும் நீக்கங்களையும் தினமும் தனிக் கோப்புகளாக வெளியிடுகிறது. அதனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே கட்டளைக் கோப்பில் எழுதி, எத்தனை முறை ஓட்டினாலும் அதே விளைவு வருமாறு அமையுங்கள். கூடவே சிறிய பதிவேட்டு அட்டவணை ஒன்று: கோப்பின் பெயர், அதன் ஷா-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்), ஏற்றிய நேரம், கோப்பின் வரிகள், சேர்ந்தவை, ஒதுக்கியவை. அதே கைரேகையோடு கோப்பு இரண்டாம் முறை வந்தால் கட்டளைக் கோப்பு தொடக்கத்திலேயே நின்றுவிடட்டும். மூலக் கோப்பைச் சுருக்கி, எழுத முடியாத அனுமதியோடு தனி அடைவில் வையுங்கள். கணக்காளரின் அழைப்பு வந்த அன்று அந்த மூலக் கோப்பு என்னிடம் மாறாமல் இருந்தது. தேதி வடிவத்தைத் திருத்தி, அந்தப் பன்னிரண்டு நாள் ரசீதுகளை அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஏற்றி முடித்தேன்.